பள்ளிக்கூடத்துக்கு வாங்க

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகிப் போனபோது, தரம் நான்கு பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் திருத்துவதை ஒரு தண்டனையாகவே நினைத்தார்கள். “இதை மாத்தி எழுது” என்றால் முகம் சுருங்கிவிடும். எச்சில் தொட்டு அழிறப்பரால் தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்துக் கொப்பித் தாளில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த பக்கத்தை யாருக்கும் தெரியாமல் கிழித்து, மதியச் சாப்பாட்டுக் கடதாசியோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள்.

நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது அதுதான் முதல் தடவை. வந்த வாரமே அழிறப்பர்களை எல்லாம் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

“இனி யாரும் அழிக்க வேணாம். வேணாங்கிற சொல்லுக்கு மேல ஒரு கோடு போடுங்க. அதுக்கு மேல புதுசா எழுதுங்க. முதல்ல என்ன நெனச்சீங்கன்னு எனக்கும் தெரியணும், உங்களுக்கும் தெரியணும்.”

பிறகு மரத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையின் நடுவில் யூகலிப்டஸ் என்கிற ஒரு பெரிய கருப்பந்தைல மரம் நின்றது. எல்லாக் கொப்பியிலும் ஒரே கட்டுரைதான் வந்தது. “எங்கள் பாடசாலைக்கு அருகில் ஒரு மரம் உண்டு. அது எமக்கு நிழல் தருகின்றது. அதில் பறவைகள் வாழ்கின்றன. மரம் வளர்ப்போம்.” புலமைப்பரிசில் பரீட்சைக்காக அண்ணன், அக்காமார் மனப்பாடம் செய்ததைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது.

“அந்த மரத்து நெழல்ல யாராவது உக்காந்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். அது மலைக்கு உள்ளுக்கு நிக்குது. அங்கிட்டுப் போக விடமாட்டாங்க.”

“அப்ப நெழல் தருதுன்னு எப்படித் தெரியும்? ஜன்னல் கிட்டப் போய் நல்லா பாத்துட்டு வாங்க. பாத்தத மட்டும் எழுதுங்க.”

பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, விளங்காத இடத்தில் “எது?”, “எங்க?”, “யாரு பாத்தது?” என்று கேட்கச் சொன்னேன். அந்த மூன்று கேள்விகளையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பின் வரிசை வாங்கில் இருந்த இருவருக்குள் சண்டை கிளம்பியது. அதிகம் பேசாத ஒரு பிள்ளை, எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதுபவள், “மரத்தில் ஒரு கறுப்புச் சாக்கு தொங்குது” என்று எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்த பையன் அதை வெட்டிவிட்டு “சாக்கு இல்லை” என்று மேலே எழுதிவிட்டான்.

“நான் பாத்தேன்” என்றாள் அவள்.

“மரத்துல யாரு போய் சாக்க கட்டுவா?”

நானும் ஜன்னலுக்குப் போனேன். அவன் பார்த்தபோது பனிமூட்டம் மறைத்திருக்க வேண்டும். இப்போது விலகியிருந்தது. மரத்தின் பெரிய கொம்புக்கு அடியில், கொழுந்து நிரப்பிய சாக்கைப் போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அசையவில்லை. யார் அங்கே ஏறினார்கள் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்தபோது அதன் மேல்தோல் சிலிர்த்தது. மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடி அடங்கியது. பிறகு மீண்டும் சாக்கைப் போலவே இருந்தது.

“ஜன்னல விட்டு எல்லாரும் இங்க வாங்க” என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

“குளவி” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லமாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கொஸ்லந்தப் பக்கம் தன் பெரியம்மா குளவி கொட்டிச் செத்துப்போனதை ஒரு பையன் சொன்னான். முகம் வீங்கி ஆளே தெரியவில்லையாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தது.

சாக்கு என்று எழுதிய பிள்ளையிடம், இனி அதைக் கூடு என்று மாற்றலாமே என்றேன். அவள் சாக்கை வெட்டவில்லை. “நான் சாக்குன்னு நெனச்சேன். நல்லாப் பாத்தா அது கூடு” என்று அடுத்த வரியில் எழுதினாள். அதைவிட நல்ல திருத்தம் எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட. தோட்டத்து அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். கூட்டை எரிக்க ஆட்கள் வருவார்கள், மழை விடட்டும் என்று பதில் வந்தது. மழை விட்டது. யாரும் வரவில்லை. திரும்பவும் சொல்லி அனுப்பினால் இரண்டு நாளில் என்றார்கள். அதற்குள் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் மரத்தைப் பார்த்து அதே கட்டுரையைத் திருத்தினார்கள். பார்க்கப் பார்க்கச் சொற்கள் மாறின. “கூடு பெரியது” என்பது “கூடு கொம்பின் மறுபக்கமும் தெரிகிறது” என்றானது. “குளவிகள் பறக்கின்றன” என்பதை ஒருத்தி வெட்டிவிட்டு, “காற்று அடித்தால் சத்தம் கேட்கிறது, காற்று நின்ற பிறகும் கேட்கிறது” என்று எழுதினாள். அதை வாசித்த பிறகு எனக்கும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாடத்தின் நடுவில், பிள்ளைகள் தலை குனிந்து எழுதும்போது, தூரத்தில் யாரோ தையல் இயந்திரத்தை விடாமல் மிதிப்பதைப் போல.

மரத்தைச் சுற்றியுள்ள தேயிலையைப் பள்ளிக்கூடத்து மலை என்பார்கள். கொழுந்தை ஒவ்வொரு மலையாக எடுப்பார்கள், அடுத்தது அந்த மலைதான். பெரிதாக எழுதும் அந்தப் பிள்ளையின் அம்மாவும் கொழுந்து எடுப்பவள்தான்.

“டீச்சர், அம்மாட்ட சொன்னேன்” என்றாள் ஒரு காலை. “தெரியும்னு சொல்லுது. அங்க போகலன்னா பேர் போடமாட்டாங்களாம்.” பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

அப்போதுதான் ஒரு பலகை எழுதலாம் என்று வகுப்பில் பேச்சு வந்தது. உடைந்த மேசையின் பலகை ஒன்று மூலையில் கிடந்தது. எல்லோருமாகச் சேர்ந்து முதல் தடவை எழுதியது இது: “அன்பார்ந்த தொழிலாளர்களே, எமது பாடசாலைக்கு அருகாமையிலுள்ள மரத்தில் குளவிகள் கூடு கட்டி வாழ்கின்றன. ஆகவே நீங்கள் அனைவரும் மிகவும் அவதானமாக இருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்.”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் கடதாசியில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். “கொழுந்துச் சாக்க தலையில வச்சுக்கிட்டு நடக்கிறவங்க நின்னு வாசிப்பாங்களா?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் புத்தகப் பையைத் தலையில் வைத்து நிற்காமல் நடந்து போகச் சொன்னேன். என்ன வாசித்தாய் என்று கேட்டால் எல்லோரும் “அன்பார்ந்த” என்றார்கள். சிலர் “தொழிலாளர்களே” வரை போயிருந்தார்கள். அந்த வகுப்பில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லாக. “தாழ்மையுடன்” முதலில் போனது. “வாழ்கின்றன” போனது. கடைசியில் “குளவி, அவதானம்” என்று மட்டும் மிஞ்சியது.

“என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது” என்றாள் பெரிதாக எழுதும் அந்தப் பிள்ளை.

ஆகவே உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு குளவியை வரைந்தார்கள்.

கொஸ்லந்தப் பெரியம்மாவின் கதையைச் சொன்ன பையன் கையைத் தூக்கினான். “குளவி இருக்குன்னு சொல்றோம். வந்தா என்ன செய்யணும்னு சொல்லலையே டீச்சர்.”

எல்லோரையும் வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் பாதிப் பேர் ஓடக் கூடாது என்றார்கள், பாதிப் பேர் ஓடத்தான் வேண்டும் என்றார்கள். ஹல்துமுல்லை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் கேட்டேன். தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் கதவுள்ள கட்டடம் எதுவோ அதற்குள் போய்விட வேண்டும் என்றார். அந்த மலைக்குப் பக்கத்தில் கதவுள்ள ஒரே கட்டடம் எங்கள் பள்ளிக்கூடம்.

“தலைய மூடு. பள்ளிக்கூடத்துக்கு வா” என்று ஒருவன் எழுதினான். மற்றவர்கள் விடவில்லை. பெரியவர்களை வா என்று கூப்பிடலாமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. இரண்டு எழுத்து கூடினாலும் பரவாயில்லை என்று முடிவாயிற்று. அம்புக்குறி ஒன்றும் போட்டார்கள்.

“குளவி. தலைய மூடுங்க. பள்ளிக்கூடத்துக்கு வாங்க.”

வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறதே என்று அதிபர் முகம் சுளித்தார். பிறகு அவரே பெயின்ட் வாங்கிக் கொடுத்தார். மலைக்கு ஏறும் பாதையில் பலகையை நட்டோம்.

மூன்றாம் நாள் கங்காணி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்வை செய்யும் அவர் நரை விழுந்த, அமைதியான மனிதர். பலகையைச் சுவரில் மெதுவாகச் சாய்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. இதப் பாத்துட்டுப் பொம்பளைங்க மலைக்கு ஏறமாட்டேங்குறாங்க. ஆபீஸ்ல சத்தம் போட்டாங்க. வெறுமனே ‘கவனம்’னு எழுதிக் குடுத்தா வச்சுக்கலாமாம்.”

நான் பேசுவதற்கு முன் பின் வாங்கிலிருந்து குரல் வந்தது. “எதுக்கு கவனம்?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“எங்கன்னும் இல்ல” என்றான் இன்னொருவன்.

பிள்ளைகள் குறும்புக்குக் கேட்கவில்லை. கரும்பலகை ஓரத்தில் இருந்த கேள்விகளை, ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்கும்போது கேட்பதைப் போலவே கேட்டார்கள். கங்காணி பலகையை மறுபடியும் வாசித்தார்.

“கேக்கறது சரிதான்” என்றார். பிறகு என்னிடம், “பள்ளிக்கூடத்துக் கேட் எங்க எல்லையில இல்லல்ல?” என்று கேட்டார்.

கங்காணியைக் கண்டு வந்திருந்த அதிபர் கையைப் பிசைந்தார். “தண்ணி தோட்டத்து பைப்லதான் வருது டீச்சர். நாளைக்கு அதையும் நிப்பாட்டிட்டா?” என்றார். வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கங்காணியே பள்ளிக்கூடக் கேட்டின் தூணில், மலையைப் பார்த்தபடி, பலகையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வந்த நாள்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து பெண்கள் வரிசையாக மேலே ஏறுவது வகுப்பிலிருந்து தெரியும். வழக்கமாக அவர்கள் பேச்சும் சிரிப்பும் முன்னால் வரும், ஆள்கள் பின்னால் வருவார்கள். இப்போது சத்தமில்லாமல் ஏறினார்கள். இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கைச் சிலர் தலையில் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்க்காமலே அம்மா எங்கே நிற்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. வெயில் நாள்களில் ஒரு கழுகு மரத்துக்கு மேலே வட்டமிட்டது. அது கூட்டைக் கொத்தித் தின்ன வருகிறது, கொத்தினால் குளவி கலையும் என்று பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

அது நடந்த அன்று நல்ல வெயில். இடைவேளை முடிந்து கணக்குப் பாடம். முதலில் சத்தம் நின்றது. பழகிப்போன அந்தச் சத்தம் நின்றதும் எல்லோரும் தலை நிமிர்ந்தோம். அடுத்தது மலையிலிருந்து கங்காணியின் குரல்.

“பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடத்துக்கு.”

ஜன்னல்களைப் பூட்டச் சொன்னேன். கண்ணாடி உடைந்த இடத்தில் கொப்பி அட்டைகளை அடைத்தார்கள். பிள்ளைகளை வாங்குகளுக்குக் கீழே தள்ளிப் பைகளால் தலையை மூடச் சொன்னேன். கதவருகே நின்றேன். பெண்கள் தேயிலைக்குள் விழுந்து எழும்பி ஓடி வந்தார்கள். கூடைகள் உருண்டன. அவர்களுக்குப் பின்னால் ஒரு புகை வந்தது. அது காற்றுக்கு எதிராக வந்தது.

கதவைத் திறந்தால் குளவி பிள்ளைகளிடம் வரும். அந்த நிமிடம் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டில் பள்ளிக்கூடத்துக்கு வாங்க என்று எழுதி வைத்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது. திறந்தேன்.

ஒருவர் மேல் ஒருவராக உள்ளே விழுந்தார்கள். கடைசியாக வந்தவளை இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினோம். அவள்தான் சாக்கு என்று எழுதிய பிள்ளையின் அம்மா. கொண்டை முழுக்கக் குளவி. பிள்ளை வாங்குக்கு அடியிலிருந்து வந்து, பைக்குள் கையை நுழைத்துக்கொண்டு, அம்மாவின் தலையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக நசுக்கினாள். அழவில்லை. உள்ளே வந்த மற்றக் குளவிகள் வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டன. வெளியில் இருந்தவையும் அதே கண்ணாடியில் வந்து அப்பின. வகுப்பு இருட்டிவிட்டது. தகரக் கூரையின் மேல் மழை பெய்வதைப் போல இருந்தது.

“கங்காணி எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“தொங்கல்ல ரெண்டு பேரு நின்னாங்க. அவங்களக் கூப்பிடப் போனாரு” என்றாள் ஒருத்தி. தொங்கல் என்பது மலையின் கடைசி மூலை.

அந்த இரண்டு பெண்களும் மறுபக்கம் அடிவாரம் வரை இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போய்த் தப்பியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. அவர்களைத் தேடித் தேடிக் கடைசி மூலை வரை போயிருக்கிறார். சத்தம் அடங்கி, ஆள்கள் போய்த் தூக்கி வந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே சேதி வந்தது.

பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்குக் கொட்டியிருந்தது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினாள். வலது காது மந்தமாகிவிட்டது.

கூட்டை அந்த வாரமே எரித்தார்கள்.

சாவு எடுத்த பிறகும் கடைச் சந்தியில் பேனர் தொங்கியது. கங்காணியின் படத்துக்குக் கீழே, “எதிர்பாராத விதமாகக் குளவிக்கொட்டுக்கு இலக்காகி எம்மை விட்டுப் பிரிந்த” என்று எழுதி, தோட்ட நிர்வாகத்தின் அஞ்சலி என்று முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பிள்ளை அந்த வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள்.

“எதிர்பாராதன்னா என்ன டீச்சர்?”

“நடக்கும்னு யாரும் நெனைக்காதது.”

“நாம நெனச்சோமே” என்றாள். பிறகு இடத்துக்குப் போய், அளவுகோல் வைத்து அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். மேலே என்ன எழுதுவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

மரத்தைப் பற்றி எழுதச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் வேலை எங்களை விடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் அவளுடைய அம்மா வேறு நான்கைந்து பெண்களோடு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி, “டீச்சர், மேல் மலைக்கும் ஒரு பலகை எழுதித் தரச் சொல்லுங்க. அங்க பாறையில மூணு கூடு இருக்கு” என்றாள். காது கேட்காததால் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

பிள்ளைகள் உற்சாகமாகத்தான் தொடங்கினார்கள். ஒருத்தி குளவியை வரைந்தாள். “தலைய மூடுங்க” என்பது வரை எழுத்து நேராக வந்தது. மூன்றாவது வரிக்கு வந்ததும் தூரிகை நின்றது.

“மேல் மலையில பள்ளிக்கூடம் இல்லையே” என்றான் ஒருவன்.

“லயம்?”

“அது கீழ. ஓடி வாறதுக்குள்ள பிடிச்சிரும்.”

“கொழுந்து நிறுக்கிற மடுவம்?”

“அதுக்குக் கதவு இல்ல. நாலு தூணும் தகரமும்தான்.”

பார்த்துவிட்டு வந்து எழுதுவதுதான் எங்கள் வழக்கம். சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு, அந்த அம்மாவோடும் சில பிள்ளைகளோடும் நானே மேல் மலைக்கு ஏறினேன். உச்சி வரை தேயிலைதான். அதற்கு மேலே பாறை. பாறையின் நெற்றியில் மூன்று கறுப்புத் திட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்த்தாலும் கதவுள்ள ஒரு கட்டடம் கண்ணில் படவில்லை. இறங்கி வந்தோம்.

திங்கட்கிழமை அந்த வரிக்குப் பிள்ளைகள் எத்தனையோ சொற்களைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் அவர்களே வெட்டினார்கள். “ஓடுங்க” என்று ஒருவன் எழுதினான். உடனே இரண்டு மூன்று பேர் ஒன்றாக “எங்க?” என்றார்கள். அவனே அதை வெட்டிவிட்டான்.

கடைசியில் அந்தப் பிள்ளை பலகையைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாவது வரிக்கு இடம் விட்டு, பரீட்சைத் தாளில் நிரப்ப விடும் இடத்தைப் போல அடியில் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

பலகையை அவளுடைய அம்மா தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மேல் மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கினார்கள்.